மைனஸ் நாற்பது எலுமிச்சை

போன இன்டர்வியூவில் அவளைக் கவிழ்த்தது பதில் அல்ல. பதில் சொல்வதற்கு முன்னால் அவள் இருந்த இருப்பு.

வீடியோ காலில் எதிரே இருந்தவர் ஒரு மரத்தைப் பற்றிக் கேட்டார். கணினிக்காரர்களின் மரம். அது தலைகீழாக வளரும். வேர் மேலே இருக்கும், இலைகள் கீழே தொங்கும், ஒவ்வொரு இலையிலும் ஓர் எண் இருக்கும். அதில் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கல்லூரி முதல் வருடத்திலேயே அவள் தண்ணீர் பட்ட பாடாகச் செய்த கணக்கு. ஆனால் கேள்வி காதில் விழுந்ததும் மரம் கண்முன்னே வந்து நின்றுவிட்டது. லேசாகக் காற்றடித்தது. எண்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலத்தன. அவள் அதன் கீழே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது வினாடி நின்றாள். எதிரே இருந்தவர் இணைப்பு உறைந்துவிட்டது என்று நினைத்து, நாலு தடவை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, அழைப்பைத் துண்டித்துவிட்டார். மறுநாள் வருத்தம் தெரிவித்து மின்னஞ்சல் வந்தது.

"உறைஞ்சது நெட் இல்ல, எங்க அண்ணி" என்று கணவனின் தங்கை பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த நாத்தனார் இவர்களோடுதான் இருந்தாள், வீட்டின் சின்ன அறையில். நானூறு கடைகள் கொண்ட ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனியில் பில் போடும் வேலை. ஏழாம் நம்பர் கவுண்டர். கடையிலேயே அவளைப் போல வேகமாக பில் போட ஆள் கிடையாது என்பதால் அங்கே அவளுக்கு மின்னல் என்று பெயர். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்போது அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து அண்ணிக்கு அழைப்பு வந்திருந்தது. சாஃப்ட்வேர் இன்ஜினியர் வேலை, நேரில் மூன்று சுற்று. இன்னும் பத்தொன்பது நாள். அழைப்பின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. தேர்வாகாதவர்கள் ஓராண்டுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

மகள் பிறந்தபோது வேலையை விட்டாள். மகளுக்கு இப்போது ஆறு வயது. அந்த ஆறு வருடத்தைப் பார்த்தே பதினாறு கம்பெனிகள் வாய் திறக்கவில்லை. அனுப்பிய விண்ணப்பங்கள் கிணற்றில் போட்ட கல். ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனத்துப் பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்: "ஆறு வருஷம்னா இடைவெளிம்பாங்க மேடம். ஏழுன்னா பழசும்பாங்க." இந்தக் கதவும் சாத்திக்கொண்டால் தட்டுவதற்கு வேறு கதவு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதனால் மின்னல் களத்தில் இறங்கினாள்.

காலை ஷிஃப்ட் முடித்து இரண்டரைக்கு அவள் வீட்டுக்கு வருவாள். அந்த நேரத்தில் சமையலறை ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும். ஃப்ரிட்ஜ் கதவு வெள்ளையாக ஜொலிக்கும். அதுதான் கரும்பலகை. மார்க்கரால் எழுதலாம், ஈரத்துணியால் துடைக்கலாம். மின்னல் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஃபோனில் சேர்த்து வைத்திருந்த கேள்விகளைப் படிப்பாள். கேள்வியும் புரியாது, பதிலும் புரியாது. அதனால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"உனக்குத் தெரியாததா?"

"இன்டர்வியூ எடுக்கிறவங்களை உனக்குன்னு சொல்லக் கூடாது. மைனஸ் ரெண்டு. அடுத்தது, ஒரு லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பி எழுதுக. இது என்ன அண்ணி, ரயிலா?"

"கிட்டத்தட்ட. ஒவ்வொரு பெட்டிக்கும் தனக்கு அடுத்த பெட்டி எதுன்னு மட்டும்தான் தெரியும். மொத்த ரயில் எங்க போகுதுன்னு தெரியாது."

"எங்க மேனேஜர் மாதிரி. சரி, அந்த ரயிலைத் திருப்புங்க."

மார்க்கரை எடுத்தாள். மூன்று பெட்டி வரைந்தாள். நாலாவது பெட்டி தானாகவே வந்து சேர்ந்துகொண்டது. வண்டி மெதுவாக ஒரு பாலத்தின் மேல் ஏறியது. கீழே ஆற்றில் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம், ஒவ்வொரு முகமும் அடுத்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

டங்கென்று கரண்டியால் மேசையில் ஒரு தட்டு.

"போயிட்டீங்க. எங்க போனீங்க?"

"பாலத்துக்கு."

"பாலத்துக்குப் போங்க, நான் வேணாங்கல. அங்க இருந்து ஒரு குரல் குடுங்க. வாயை மூடிக்கிட்டுப் போனாதானே போன் போச்சுன்னு நினைக்கிறாங்க. கனவு காணுங்க, சத்தமாக் காணுங்க."

சாயங்காலம் கணவன் வந்தபோது அவனிடமும் இது போனது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் தன் தொழிலோடு சேர்த்துத்தான் அவனுக்கு யோசிக்க வரும்.

"அவ சொல்றது சரிதான். லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட நான் மேல இருந்து முதல்ல சொல்றதே, ஏதாவது பேசிக்கிட்டே இருங்கன்னுதான். திட்டினாக்கூடப் பரவாயில்ல. பேச்சு நின்னுச்சுன்னாதான் எனக்குக் கை நடுங்கும்."

அன்றிலிருந்து அவள் சத்தமாகக் கனவு காணப் பழகினாள். "இப்ப இடது கிளையில இறங்கறேன். இங்க நிழலா இருக்கு. எனக்கு வேண்டிய எண் பெருசு, அதனால இது இல்ல, திரும்பி வலது பக்கம் போறேன்." பேருந்தில் பக்கத்தில் இருந்த பெரியவர் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தார். மகள் பள்ளியில் போய், எங்கம்மா ஃப்ரிட்ஜோட பேசறாங்க என்று சொல்லிவைத்தாள். ஆனால் விடைகள் வந்தன. ஒன்பதாம் நாளுக்குள் ஃப்ரிட்ஜ் கதவில் முப்பது கணக்குகள் எழுதி அழித்தாகிவிட்டது.

கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லியிருந்தன. கம்பெனியைத் தெரிந்துகொள்ள அதன் கடையை விட வேறு நல்ல இடம் எது? மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக மின்னலின் கடைக்குப் போனாள்.

காலை ஒன்பதரை மணிக் கடை கடலடி போல இருந்தது. தானியங்கிக் கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. நீளநீளமான விளக்குகள், ஈரம் துடைத்த தரையில் அவற்றின் நீளநீளமான பிம்பங்கள். எங்கோ குளிர்பெட்டி ஒன்று உறுமிக்கொண்டே இருந்தது. கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒன்றும் எடுக்காமல் நடந்தாள். ஒவ்வொரு அலமாரியும் ஒரு வரிசையாகவும் ஒவ்வொரு தட்டும் ஒரு முகவரியாகவும் தெரிந்தன. படித்ததெல்லாம் பொட்டலம் கட்டி அடுக்கியிருப்பது போல இருந்தது.

சோப்பு வரிசைக்கு வந்ததும் கால் நின்றது.

ஒரே கம்பெனி சோப்பு, ஒன்பது வாசனை, ஒன்பதுக்கும் ஒரே விலை. எலுமிச்சைத் தட்டு நிரம்பி வழிந்தது. தட்டுக்கு மேலேயும் எலுமிச்சை, கீழே தரையில் அட்டைப் பெட்டிகளிலும் எலுமிச்சை. அதற்குப் பக்கத்தில் ரோஜாத் தட்டு துடைத்து வைத்தது போல் காலி. சாமான் அடுக்கும் பெண் ஒருத்தி அதன் முன்னால் நின்று, கையிலிருந்த கருவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரோஜா இல்லீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இருக்குது. முப்பத்தொண்ணு இருக்குது" என்று அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். "கண்ணுக்குத்தான் தெரியாது. நாங்க இதைப் பேய்ச் சரக்கும்போம். திரையில இருக்கும், தட்டுல இருக்காது. இருக்குதுன்னு மெஷின் நினைக்கிறதால புதுசா வரவும் வராது."

"அப்ப எலுமிச்சை?"

"அது மைனஸ் நாப்பது."

"மைனஸ் நாப்பதா?"

"ஆமா. இங்க மலை மாதிரி கிடக்குதே, இது எதுவுமே மெஷினைப் பொறுத்தவரைக்கும் இல்ல. இல்லாததை விடவும் நாப்பது குறைச்சல். அதனால வாராவாரம் அனுப்பிக்கிட்டே இருக்குது. என் கையே எலுமிச்சை வாசம் அடிக்குது. வீட்டுல அவர் கேக்கறார், சமைக்கிறியா சோப்பு தின்னறியான்னு."

அன்று மத்தியானம் ஃப்ரிட்ஜ் கதவின் முன்னால் கண்ணயர்ந்தபோது ரோஜா சோப்புகள் வந்தன. சரியாக முப்பத்தொன்று. வரிசையாகக் கதவு வழியே நுழைந்து, சத்தமில்லாமல் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டன. அவற்றுக்கு எடை இல்லை, நிழல் இல்லை, வாசனை மட்டும் இருந்தது. அறைக்கு வெளியே எலுமிச்சை சோப்புகள் நின்று, நாங்கள்தான் இருக்கிறோம், எங்களை எண்ணுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தன. அவள் எண்ணினாள். எண்ண எண்ணக் குறைந்துகொண்டே போனது.

விடை அடுத்த நாள் ஏழாம் கவுண்டரில் கிடைத்தது. அவள் தேடிப் போகவில்லை. பாலும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள், அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் இருந்தவர் எட்டு சோப்பு வைத்தார், எட்டும் எட்டு வாசனை. மின்னலின் கை எட்டையும் ஒரு வீச்சில் ஒதுக்கியது. அதில் எலுமிச்சையை மட்டும் எடுத்து ஸ்கேனர் மேல் காட்டியது. பீப். இடது கை ஒரு பொத்தானைத் தட்டியது, பிறகு எட்டு. முடிந்தது. எட்டு சோப்பும் பைக்குள். மூன்று வினாடிகூட ஆகவில்லை.

ஒரு நடனத்தைப் பார்ப்பது போல அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். போனது ஓர் எலுமிச்சை. கணக்கில் கழிந்தது எட்டு எலுமிச்சை. மற்ற ஏழு வாசனைகளும் கடையை விட்டுப் போய்விட்டன, ஆனால் மெஷினின் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை எட்டு, நானூறு கடையில் எத்தனை கவுண்டர்?

இரண்டரைக்கு மின்னல் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், "இன்னிக்கு நான் கேள்வி கேக்கறேன்" என்றாள் அண்ணி. எட்டு சோப்புக்கு ஒன்றை மட்டும் காட்டியது ஏன் என்று கேட்டாள்.

மின்னல் முதலில் சிரித்தாள். பிறகு எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பெருக்கல் பொத்தான். எல்லாரும் செய்யறதுதான் அண்ணி. விலை ஒண்ணுதானே, வாங்கறவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. எலுமிச்சைக்குப் பார்கோடு அடிப்பக்கம் தட்டையா இருக்கு, காட்டினதும் பிடிச்சுக்கும். மத்ததுக்கெல்லாம் மடிப்புல அச்சடிச்சிருக்கான். திருப்பித் திருப்பிக் காட்டணும்."

"தனித்தனியா காட்டினா என்ன, கொஞ்சம் நேரம் கூட ஆகும்..."

"ஸ்டாஃப் ரூம்ல ஒரு போர்டு இருக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மாத்துவாங்க. நிமிஷத்துக்கு எத்தனை பொருள் பில் போட்டோம்னு பேர் பேரா. கடைசி ரெண்டு பேருக்கு அடுத்த வாரம் பாதி ஷிஃப்ட்தான். நான் மூணு வருஷமா முதல் பேரு. மின்னல்னு சும்மாவா வெச்சாங்க?"

"விதி என்ன?"

"ஒவ்வொண்ணையும் ஸ்கேன் பண்ணணும். இல்லன்னா எச்சரிக்கைக் கடிதம். ரெண்டாவது கடிதம்னா வேலை போச்சு. எனக்கு ஒண்ணு வந்தாச்சு." அவள் குரல் இறங்கியது. "நம்ம வீட்டுல யாருக்கும் தெரியாது. மூணாம் கவுண்டர் அக்காவை போன மாசம் கையும் களவுமாப் பிடிச்சு அனுப்பிட்டாங்க. வெளிய மூச்சு விட்டுராதீங்க அண்ணி."

"நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்?"

அதைச் சொன்னபோது அவள் மனதில் கள்ளம் இல்லை.

தலைமை அலுவலகம் பதினோரு மாடி, கண்ணாடிச் சுவர். லிஃப்ட் ஏறும்போது காது அடைத்தது. மேலே போகப் போக நகரம் ஒரு வரைபடமாகச் சுருங்கியது. அவளுக்குப் பயமே இல்லை, தூங்கும்போது யாரோ தன்னைத் தூக்கிப் போவது போல இருந்தது.

முதல் சுற்றில் மரமே வந்தது. அவள் வாய்விட்டுப் பேசிக்கொண்டே இறங்கினாள், ஏறினாள், எண்ணைப் பறித்துக் கையில் கொடுத்தாள். இரண்டாம் சுற்றில் ஓர் இளைஞன் வரிசைகளைப் பற்றிக் கேட்டான். முடிந்ததும், "உங்ககூடவே நடந்து வந்த மாதிரி இருந்துச்சு" என்றான். மின்னலிடம் சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் அறையில் இரண்டு பேர். தாடி வைத்த ஒருவர், கண்ணாடி போட்ட ஓர் அம்மா. சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. தாடிக்காரர்தான் கேட்டார்.

"எங்க கடைகள்ல சில பொருளோட இருப்புக் கணக்கு எப்பவும் தப்பா இருக்கு. திரையில இருக்கும், தட்டுல இருக்காது. சிலது மைனஸ்ல போகும். உதாரணத்துக்கு சோப்பு. இதை எப்படிச் சரி பண்ணுவீங்க? டிசைன் பண்ணுங்க."

அவள் மார்க்கரை எடுத்தாள். புத்தகத்தில் இருந்த பதில் தயாராக இருந்தது. இரண்டு கவுண்டர்கள் ஒரே நேரத்தில் ஒரே எண்ணை மாற்றப் போனால் ஒரு மாற்றம் தொலைந்துவிடும். அதைத் தொலையாமல் காப்பது எப்படி என்று பெட்டிகள் வரைந்தாள், அம்புகள் போட்டாள். நேர்த்தியாகவே இருந்தது.

"இதை நாங்க போன வருஷமே செஞ்சுட்டோம்" என்றார் தாடிக்காரர். "மூணு மாச வேலை. ஒண்ணும் மாறல."

வெள்ளைப் பலகை வெளிறிக்கொண்டே போய், ஈரத் தரையாக மாறியது. நீளமான விளக்குகள். எலுமிச்சை வாசம். ஏழாம் கவுண்டரில் ஒரு கை எட்டு சோப்பை ஒதுக்கியது, ஒன்றை மட்டும் எடுத்தது. பீப். அந்தக் கை யாருடையது என்று பார்க்க அவள் தலை நிமிரவில்லை. ஐந்து வினாடி, பத்து வினாடி.

"மேடம்?" என்றார் கண்ணாடி அம்மா.

சொன்னால் வேலை கிடைக்கும், அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சொல்லாவிட்டால் ஏழாவது வருடம். பேச்சு நின்றுவிடக் கூடாது என்று மட்டும் உள்ளே ஏதோ சொல்ல, அவள் வாயைத் திறந்தாள்.

"ஒரு கவுண்டர்ல நிக்கறேன். முன்னால இருக்கிறவர் எட்டு சோப்பு வைக்கிறார். எட்டும் வேற வேற. விலை ஒண்ணு." சொல்லிக்கொண்டே போனாள். எலுமிச்சையின் தட்டையான அடிப்பக்கம், மற்றவற்றின் மடிப்பு, பெருக்கல் பொத்தான், எட்டு. சொல்லி முடித்தபோது தாடிக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"அடடா" என்றார் மெதுவாக. "மூணு மாசம். நாங்க ஒருத்தர்கூடக் கடைக்குப் போகல." எழுந்து வந்து இன்னொரு மார்க்கரை எடுத்தார். "அப்ப இது ஒரு வரி வேலை. பில்லுல பெருக்கல் பொத்தானை யார் அதிகமா அழுத்தறாங்கன்னு டேட்டாவுல தேடுவோம். ஒவ்வொரு பில்லுலயும் ஊழியர் எண் இருக்கு. நீங்களே எழுதுங்களேன், அந்தத் தேடலை."

அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேட்டா. அவள் யார் பெயரையும் சொல்லவில்லை, கடையையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நாலே வரி எழுதினால் போதும், நானூறு கடை ஊழியர்களின் பெயர்களும் கடகடவென்று வந்து விழும். அதிகமாக அழுத்தியவர் முதலில். மூன்று வருடமாக முதல் பெயர் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

எழுத ஆரம்பித்தாள். எந்தப் பொருளுக்கு பதிலாக எந்தப் பொருள் கழிகிறது. எந்த விலை, எந்தத் தட்டு. அட்டவணையின் ஊழியர் எண் பத்திக்கு வந்ததும் மார்க்கர் நின்றது.

"அந்தப் பத்தியை விட்டுட்டீங்க" என்றார் தாடிக்காரர்.

"தெரியும் சார். அதை நான் எழுத மாட்டேன்."

"அதுதானே முக்கியமான பத்தி?"

"அதை எடுத்தா உங்களுக்கு ஆயிரம் குற்றவாளி கிடைப்பாங்க, காரணம் கிடைக்காது. ஆயிரம் பேரும் ஒரே தப்பைச் செஞ்சா அது அவங்க தப்பு இல்ல சார். அவங்க விரலை ஒரு கடிகாரம் அளக்குது. நிமிஷத்துக்கு எத்தனை பொருள்னு வாராவாரம் போர்டு போட்டு, கடைசியில வர்றவங்களுக்கு ஷிஃப்ட்டைக் குறைக்கறீங்க. பொத்தானை எடுத்துட்டா அவங்க வேற வழி கண்டுபிடிப்பாங்க. போர்டை எடுங்க. அது முடியாதுன்னா, பார்கோடை மடிப்புல இருந்து எடுக்கச் சொல்லி சோப்புக் கம்பெனிக்கு எழுதுங்க."

"நாங்க கேட்டது சாஃப்ட்வேர்" என்றார் அவர். குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

கண்ணாடி அம்மா முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார். "நீங்க இதை எந்தக் கடையில பார்த்தீங்க?"

"அதையும் சொல்ல மாட்டேன் மேடம்."

"கேள்விக்குப் பதில் சொல்லாதவங்களை எப்படி எடுக்கறதுன்னு எங்களுக்கு ஒரு பிரச்சினை வருமே."

"வரும். எனக்கும் அது தெரியுது."

அந்த அம்மா குறிப்பேட்டில் எதையோ எழுதினார். நீளமாக எழுதினார். வெளியே மேகம் ஒன்று கண்ணாடிச் சுவரை உரசிக்கொண்டு போனது. வணக்கம் சொல்லிவிட்டு அவள் லிஃப்டுக்கு வந்தாள். இறங்கும்போது தன் எடை திரும்பி வந்தது.

வீட்டில் மின்னல் வாசலிலேயே காத்திருந்தாள். "என்னாச்சு? மரம் வந்துச்சா? பாலம் வந்துச்சா?"

"சோப்பு வந்துச்சு."

மின்னலின் முகம் மாறியது. உள்ளே வந்தவள் உட்காரக்கூடச் செய்யாமல், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"பேரைச் சொன்னீங்களா?"

"இல்ல."

"கடையை?"

"இல்ல."

"அப்புறம் என்ன, ஏன் இழவு விழுந்த மாதிரி நிக்கறீங்க?"

"டேட்டாவுல எல்லாமே இருக்கு மின்னல். நான் எழுதல. ஆனா எங்க தேடணும்னு காட்டிட்டேன். அவர் எழுத அரை மணி நேரம்கூட ஆகாது."

மின்னல் ஈரத்துணியை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவைத் துடைத்தாள். அதில் இருந்தது பழைய கணக்கு ஒன்றின் பாதிதான்.

"யார்கிட்டடி சொல்லப்போறேன்னு கேட்டீங்க" என்றாள். "கம்பெனிகிட்டயே சொல்லியிருக்கீங்க. இதுக்கு நான் வேற உக்காந்து பயிற்சி குடுத்திருக்கேன்."

திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. சாப்பிட்டீங்களா, சாவி எடுத்துக்கிட்டீங்களா, அவ்வளவுதான். இரண்டரை மணி வெயில் சமையலறைக்கு வந்து, வெறும் ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டுப் போனது. கணவன் இரண்டு நாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "வீட்டுல ரெண்டு லிஃப்ட். ஒண்ணு மேல நிக்குது, ஒண்ணு கீழ நிக்குது. நான் எதுல ஏற?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

மின்னல் இப்போது ஒவ்வொரு சோப்பையும் தனித்தனியாக ஸ்கேன் செய்கிறாள் என்று சாமான் அடுக்கும் பெண்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை போர்டில் அவள் பெயர் பதினாலாவது இடத்தில் இருந்ததாம். மொத்தம் பதினாறு பேர்.

அந்த நாட்களில் அவள் கனவில் ஒன்றும் வரவில்லை. மரமும் இல்லை, ரயிலும் இல்லை. கண்ணை மூடினால் வெறும் வெள்ளைப் பலகை, அதில் நிரப்பாத ஒரு பத்தி. வேலை கிடைக்காவிட்டால் அதையும் மின்னலையும் இழந்தது போலாகும், கிடைத்தால் எதை விற்று வாங்கியது என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, மகளை விட்டுவிட்டுப் பள்ளி வாசலில் நிற்கும்போது ஃபோன் வந்தது. கண்ணாடி அம்மாவின் குரல்.

"உங்களை எடுத்திருக்கோம். ஒருத்தர் வேணாம்னார், நான் வேணும்னேன். ரெண்டு நாள் சண்டை." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தத் தேடலை நானே ஓட்டிப் பார்த்தேன். நீங்க விட்ட பத்தியைச் சேர்க்காமத்தான். அதுவே போதுமானதா இருந்துச்சு. ஆனா போர்டு விஷயம் என் கையில இல்ல. கடை நிர்வாகம் வேற பிரிவு. அவங்ககிட்ட நீங்கதான் வந்து பேசணும். வேணாம்னவர் அந்தப் பத்தியைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கார். முதல் வேலையே அதுதான், இருப்புக் கணக்கு. திங்கட்கிழமை வர முடியுமா?"

வரேன் என்று அவள் வாய் சொன்னது. பள்ளிச் சுவரோரம் நின்ற மரங்களின் இலைகளிலெல்லாம் வெயில் எண்களைப் போல மின்னியது. கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடைப் பக்கம் நடந்தன.

ஏழாம் கவுண்டரில் நீள வரிசை. மற்ற கவுண்டர்களில் ஆள் குறைவாக இருந்தும் அவள் அங்கேயே நின்றாள். கையில் ஏதாவது இருக்க வேண்டுமே என்று ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டாள். மின்னல் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பி, பார்கோடைத் தேடி, காட்டி, பீப் கேட்டு, அடுத்ததை எடுத்தாள். வலது மணிக்கட்டில் புதிதாக ஒரு கட்டு போட்டிருந்தாள். வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

அவள் முறை வந்தது.

"கிடைச்சுடுச்சு" என்றாள்.

மின்னல் நிமிரவில்லை. ரொட்டியைத் திருப்பிப் பார்கோடைத் தேடினாள். "எந்தப் பிரிவு?"

"இருப்புக் கணக்கு."

"என் பேரு?"

"இதுவரைக்கும் யாரும் எடுக்கல. கேட்டுக்கிட்டு இருக்காங்க. நான் தர மாட்டேன்."

"நீங்க தராட்டி வேற யாராவது எடுத்தா?"

"எடுக்கலாம். அந்தப் பத்தி அங்கயேதான் இருக்கு."

பீப். மின்னல் ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். இப்போதுதான் நேராகப் பார்த்தாள். பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"இந்தப் போர்டை எடுப்பீங்களா?"

"எடுக்கச் சொல்லிக் கேப்பேன்."

"எத்தனை நாளாகும்?"

ஒரு மாதம் என்று சொல்லலாம், சீக்கிரம் என்று சொல்லலாம். கேட்பவளுக்கும் அப்படி ஒன்று தேவையாகத்தான் இருந்தது.

"தெரியல மின்னல். முடியுமான்னுகூடத் தெரியல."

மின்னல் ரொட்டியைப் பையில் போட்டாள். பில்லைக் கிழித்து மேலே வைத்தாள். உடனே நீட்டவில்லை, கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு மாசம்னு பொய் சொல்லியிருந்தீங்கன்னா இன்னிக்கே வீட்டை விட்டு மூட்டையைக் கட்டியிருப்பேன்" என்றாள். "திங்கட்கிழமை அங்க போய் என்ன பேசப்போறீங்கன்னு ரெண்டரைக்கு எனக்குச் சொல்லிக் காட்டுங்க. அந்த ஸ்டாஃப் ரூம்ல என்ன நடக்குதுன்னு உங்களுக்குப் பாதிகூடத் தெரியாது. இப்ப நகருங்க அண்ணி, பின்னால ஆள் நிக்கிறாங்க."